ஈரத்துக்கு ரெண்டு கிலோ

— எறங்குண்ணா! உப்பு மூட்டை போடுற எடை மெஷின் மேல ஏறி நின்னுகினு இன்னா பண்ற?

— சும்மா இரு கலா. நம்பர் நிக்கட்டும்... எழுபத்தெட்டு. ஈரத்துக்கு ரெண்டு கழிச்சா எழுபத்தாறு.

— எந்த ஈரம்?

— சட்டை வேர்வையில நனஞ்சிருக்குதுல்ல.

— ஐயே! உப்புக்குத்தான் ஈரத்துக்குக் கழிப்பாங்க. மனுஷனுக்குமா?

— இருபது வருஷமா இந்தக் கொட்டாயில எடை போடுறேன். வாய் தானா கழிக்குது.

— எடை போட்டது போதும். வெயில்ல, தூசியில போவாதன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? நெழலுக்கு வா. காலா மீன் கொழம்பு, இப்பத்தான் எறக்குனது.

— பசிக்கல.

— ரெண்டு வாரமா இதே பாட்டு. நேத்து உன் சோத்த நாய் துன்னுச்சாம், அண்ணி அழுவுது.

— நாயும் பாவந்தான.

— ராஜவேலுக்குக் காலா மீன் வேணாமாம்னு சொன்னா மரக்காணமே நம்பாது. நெசத்தச் சொல்லு. நோவு திரும்பிடுச்சா?

— அதெல்லாம் இல்லம்மா. ரத்தத்துல இருந்த கேன்சரை மருந்து குடுத்து அடக்கிட்டாங்க. கணக்குப் பார்த்தா இப்ப எம் எடைதான் தொல்ல.

— புரியிற மாதிரி சொல்லு.

— உன் ரத்தத்துலருந்து ஸ்டெம் செல் எடுத்து எனுக்கு ஏத்தப் போறாங்கல்ல? நர்ஸம்மா சொன்னாங்க, வாங்கிக்கிறவனோட எடைக்குத்தான் கணக்காம். கிலோவுக்கு அம்பது லட்சம் செல்லு. நான் எண்பத்தி நாலு கிலோ, நீ நாப்பத்தஞ்சு. அத்தனையும் உங்கிட்டருந்துதான உறிஞ்சணும்?

— அதுக்காவ பட்டினி கெடக்குறியா!

— ஒரு கிலோ கொறஞ்சா உனுக்கு அம்பது லட்சம் மிச்சம். நாலு மணி நேரம் மெஷின்ல படுக்கணுமாம். பத்தலன்னா மறுநாளும். ஊசின்னாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குறவ நீ. எழுபதுக்கு வந்தாத்தான் மெட்ராஸுக்கு வண்டி ஏறுவேன்.

— லூசாண்ணா நீ? ஒடம்பு தெம்பா இருந்தாத்தான் வைத்தியத்தத் தாங்கும்னு டாக்டர் தலப்பாடா அடிச்சிகினாரு. திங்கக்கெழமை பெட்டு ரெடி. இப்புடி வத்தலாட்டம் போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அப்பறம் நோவு சும்மா இருக்குமா?

— உன்னிய மொதல்ல பாரு. உன் நாத்தனார் மவ நிவேதாவுக்கு வளைகாப்புன்னு பொம்மையார்பாளையம் போயி எட்டு நாள் இருந்துட்டு வந்த. அன்னிலருந்து இடுப்பப் புடிச்சிகினு நடக்குற. உங்கிட்டருந்து நான் எத்த எடுக்குறது?

— அண்ணா.

— இன்னா?

— நிவேதாவுக்கு வளைகாப்பு அடுத்த மாசந்தான்.

— பின்ன எட்டு நாளும் எங்க போயிருந்த?

— இந்தா, ரெண்டு கையையும் பாரு. ஊசி குத்துன எடம் இன்னும் கன்னிப்போயிருக்குது. செல்லு பெருகறதுக்குன்னு தெனம் ஒரு ஊசி போட்டாங்க, அதான் இடுப்ப வலிக்க வெச்சுது. பூந்துக்கலாம்னு பார்த்தேன், ஆஸ்பத்திரி கட்டிலுக்கு அடியில எடமே இல்ல.

— கலா... ஏம்மா எங்கிட்ட சொல்லல?

— சொன்னா உட்டுருப்பியா? அண்ணிக்குத் தெரியும், டாக்டருகிட்டயும் கெஞ்சி வாய மூட வெச்சேன். அழுவாத, எனுக்கு சந்தோஷமாத்தான் இருக்குது.

— எடுத்ததுலாம் இப்ப எங்க?

— மெட்ராஸுல ஐஸ்ல இருக்குது. எண்பத்தி நாலு கிலோ அண்ணனுக்கு முழுசாக் குடுத்துட்டு வந்திருக்கேன், ஈரத்துக்குன்னு ஒண்ணும் கழிக்கல. தட்ட எடு, துன்னுட்டு அந்த எடைக்கு வந்து சேரு.