அம்மாவின் உளவியல் பரீட்சை

"எனக்கு இப்ப இன்னா பருவம்? சொல்லு பாக்கலாம்."

ஒரகடம் போகும் காலைப் பேருந்தில், முன் இருக்கையிலிருந்த மாணவி தன் அம்மாவைக் கேட்டாள். அம்மாவுக்கு அன்று பி.எட். பரீட்சை. உளவியல் புத்தகம் மகளின் மடியில் இருந்தது.

"வளரிளம் பருவம்."

"அந்த வயசுல பசங்க எப்டி இருப்பாங்க?"

"காரணமே இல்லாம கோவம் வரும்."

"காரணமே இல்லாமன்னு புக்குல போடல. நேத்து நீ என் டைரிய எடுத்துப் படிச்சியே, அது காரணம் இல்லியா?"

அம்மா மகளின் பக்கம் திரும்பினாள்.

"படிச்சது தப்புதான்டி. இனிமே தொட மாட்டேன்."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.

"சரி, அடுத்த கேள்வி. டீச்சருங்க அவங்கள எப்டி நடத்தணும்?"

"மரியாதையா நடத்தணும். அவங்க சொல்றத முழுசா கேக்கணும்."

"கேப்பியா?"

"கேக்கறேன்டி!"

"அப்ப நீ பாஸு."

பக்கத்தில் நின்ற நடத்துனரே சிரித்துவிட்டார். வல்லக்கோட்டை தாண்டிக் கல்லூரி நிறுத்தத்தில் அம்மா இறங்கினாள். மகள் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்:

"ம்மா, எதுனா மறந்துபோச்சுன்னா என்னிய நெனச்சிக்கினு எழுது!"