முப்பத்தொரு நாள் துடக்கு

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் என்ன கறி என்று கேட்டாலும் நான் சரியாகச் சொல்வேன், ஐயா. அதனால் நீங்கள் என்னிடம் விசாரிக்க வந்தது நல்லது.

பக்கத்து வீட்டு மேனுகாவுக்கு வயலின் நன்றாகவே வரும். மட்டக்களப்பில் இரண்டு நாள் இசைநிகழ்ச்சி. ஐம்பது பேர் வாசிக்க, நடத்துவதற்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வருகிறார். அவர் எதையும் வாசிக்கமாட்டாராம். கையில் ஒரு குச்சி மட்டும்தான். வீடியோவில் எல்லோரையும் கேட்டுவிட்டு, தனியாக எழுந்து நின்று வாசிக்கும் இடத்தை அவர் மேனுகாவுக்குக் கொடுத்தார். அவளால் முடியாமற்போனால் என் மகள் தனுஷியாவுக்கு. தனுஷியா மூன்று நாள் சாப்பிடவில்லை.

மேனுகாவின் தாய் குவைத்தில் வீட்டுவேலை. தகப்பன் சீனித்தம்பியண்ணன் பாரிசவாதத்தில் படுக்கை. அவள் ஒத்திகைக்குப் போனால் அவரை நான்தான் பார்த்துக்கொள்வேன்.

“மாமி, நிமித்தி இருத்திப்போட்டுத்தான் கஞ்சி தீத்தணும். படுக்கையில குடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிருமாம்.”

“எனக்குப் படிப்பிக்கிறியாகா? நீ போய் உன்ட பிடிலைத் தேய்.”

தகப்பன் இறந்தால் பிள்ளைக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குள் போகக்கூடாது, மேடையேறக்கூடாது. நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அண்ணன் எப்படியும் இந்த வருடம் தாண்டமாட்டார். எப்போதோ போகிறவர் இப்போது போனால் யாருக்கு என்ன நட்டம் என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கிடந்தபடியே விட்டுத் தீத்தினேன். நான்காவது கரண்டியில் இருமினார். பேச்சு வராதவர், கண்ணால் தலையணையைக் காட்டினார். ஐந்தாவதையும் ஆறாவதையும் கொடுத்தேன். கோப்பையில் மிச்சம் வைப்பது எனக்குப் பிடிக்காது. அடங்கிய பிறகு வாயைத் துடைத்துவிட்டேன். ஒப்பாரியும் நான்தான் தொடங்கினேன்.

நெஞ்சுக்குள் கஞ்சி இருந்ததென்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்களாம். இருக்கும்.

செத்தவீட்டில் மேனுகா என் மடியில்தான் கிடந்தாள். “நீங்க பக்கத்தில இருந்ததாலதான் அப்பா தனியச் சாகல்ல மாமி” என்றாள். அது உண்மைதானே.

என் கணக்குப் பிழைத்தது ஒரே இடத்தில். துடக்கென்றால் என்னவென்று கேட்டறிந்த அந்த ஜெர்மன்காரர், மேனுகாவுக்காக நிகழ்ச்சியையே முப்பத்தொன்று முடியும்வரை தள்ளிவைத்துவிட்டார். தனுஷியா மறுபடியும் சாப்பிடுவதில்லை.

சாவுக்கு வந்த தாய் திரும்பிப் போகவில்லை. இருதய வருத்தமாம், தனியே விடக்கூடாதாம். நாளையிலிருந்து மேனுகாவுக்கு ஒத்திகை. எழுதுவதைக் கொஞ்சம் சுருக்காக எழுதி முடியுங்கள், ஐயா. என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு உதவிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?