ஒரு பை நெல்லிக்காய்

பலாலி வீதியில் பஸ் ஊர்ந்தது. முன் இருக்கையில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துப் பெண்கள் இருவர். ஒருத்தியின் மடியில் ஒரு பை நெல்லிக்காய்.

“நெல்லிக்காயிலை இருக்கிற பொலிபீனோல் எண்ட சத்து புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுது எண்டு அப்பாவுக்குச் சந்தோசத்திலை சொல்லிப்போட்டன்.”

“உண்மைதானே?”

“ஓம், எங்கடை ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டிலை வளத்த செல்லை மட்டும். அதையும் சொன்னனான். அவர் காதிலை வாங்கேல்லை. புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போறதை விட்டிட்டு நெல்லிச்சாறுதான் குடிச்சவர்.”

“இப்ப?”

“பிந்திப்போச்செண்டு டொக்டர் சொல்லுறார்.”

பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியது. மற்றவள் பையைப் பார்த்தாள்.

“உது அவருக்கோ?”

“இல்லை. ஏலாத உடம்போடையும் கொக்கத்தடி பிடிச்சு மரத்திலையிருந்து அவர்தான் ஆய்ஞ்சு தந்தவர். என்ரை ஆராய்ச்சிக்காம்.”