பால் கேட்காமல் வந்த தூக்கம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் மதிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் கைக்குழந்தை அக்கா மடியில் கிடந்தது. தூறலில் மலை பாதி கரைந்திருந்தது.

“நேத்து எங்க வீட்டுக்காரரு என் புடவைய கட்டிக்கினாருக்கா.”

“எதுக்குடி?”

“என் வாசனை இருந்தா பால் கேக்காம தூங்கும்னு. திங்கக்கிழமை ஸ்கூல் வேலைல சேரணும். இது மார்ல வாய் வெச்சாத்தான் கண்ண மூடுது.”

“தூங்குச்சா?”

“அவருதான் தூங்கிட்டாரு. இது அவரு மீசைய புடிச்சிக்கினு அழுவுது.”

அக்கா சிரித்தாள். “நீ எங்கடி இருந்த?”

“கதவுக்குப் பின்னால.”

“அப்புறம் எப்படித் தூங்கும்?”

குழந்தை ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் தட்டவில்லை, பாடவில்லை. மெல்ல மெல்ல இமைகள் மூடின. நான் இருமலை அடக்கிக்கொண்டேன்.

“அக்கா, பால் கேக்கலயே! உடம்பு கிடம்பு சுடுதா?”

“தூங்கிடுச்சுடி. ஜாஸ்தி பேசாத.”

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. எழப்போன அக்காவின் கையைத் தங்கை பிடித்து இழுத்தாள். கண்டக்டரைப் பார்த்து, உதடு மட்டும் அசைய, “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட் குடுங்க சார்” என்றாள்.