கல் போடாத மருதாணி

ஆண்களுக்குத் தலைமுடிக்கு முன்னாலேயே தாடி ஏன் நரைத்துவிடுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஐயா. இத்தனை வருடமாக இந்த ஒம்துர்மான் நகரத்தில் தலைக்குச் சாயம் போடுகிறேன், கைக்கு மருதாணி இடுகிறேன். கல்யாண வீடென்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புருஷனை இழந்தவள் மட்டும் நாலு மாதம் பத்து நாள் மருதாணியைத் தொட மாட்டாள். நல்ல வாடிக்கைகள் அப்படித்தான் கைவிட்டுப் போகும்.

என் கணவர் பாபிக்கரை நீங்களும் சந்தையில் பார்த்திருப்பீர்கள். புளிச்சைப்பூ வியாபாரி. போன மாதம் என்னிடம் வந்து தாடியைக் கருப்பாக்கச் சொன்னார். இரண்டாவது கல்யாணம் செய்யப்போகிறார் என்பதை அந்தத் தாடிதான் எனக்கு முதலில் சொன்னது. பெண்ணின் பெயர் ரிஹாம். கைப்பேசிக் கடையில் வேலை. எங்கள் மூத்த மகளைவிடச் சின்னவள்.

எங்கள் ஊரில் 'கல்' என்று ஒன்று விற்பார்கள். கருப்புக் கட்டி. அதைப் பொடித்து மருதாணியில் கலந்தால் ஒரே வேளையில் முடி கருத்துவிடும். சிலர் உடம்புக்கு அது ஆகாது. இவருக்கும் ஆகாது. தங்கை மகன் கல்யாணத்துக்கு எவனோ ஒரு நாவிதனிடம் போட்டுக்கொண்டு வந்து, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சுக்குத் திணறினார். "இன்னொரு தடவை பட்டால் தொண்டை அடைத்துவிடும்" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

அதிலிருந்து என் வீட்டில் கல் கிடையாது. முதல் நாள் சிவக்க மருதாணி, மறுநாள் அதன் மேல் கருக்க அவுரி இலைப் பொடி. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. என்ன, பொறுமை வேண்டும். நம் புது மாப்பிள்ளை பாபிக்கருக்கு அது இல்லை. மருதாணியை மட்டும் போட்டுக்கொண்டு அவுரிக்கு உட்காராமல் பெண் வீட்டுக்கு ஓடினார். செக்கச்செவேலென்ற தாடியோடு திரும்பி வந்தார்.

"அங்க என்னைச் சேவல்ங்கிறாங்கடி, சித்தானா."

"கூவிக் காட்டுனீங்களா?"

"கிண்டல் பண்ணாத. நாளைக்கு நிக்காஹ். ஒரே நாள்ல கருக்கணும்."

"அப்ப கல்லுதான் போடணும், ஹாஜி."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம். சுத்தமான மருதாணியா இருக்கணும். உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

கருப்பு வேண்டும், இன்றே வேண்டும், கல் கூடாது. மூன்று கேட்டார். இரண்டைக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் பார்த்து என்ன சந்தோஷம் தெரியுமா அவருக்கு. "பத்து வயசு கொறஞ்சிருச்சு, பாத்தியா?" என்றார். "பதினைஞ்சு" என்றேன். பொய்யில்லை, நிஜமாகவே அழகாக இருந்தார். என்னைக் கட்டிக்கொண்டபோது இப்படித்தான் இருந்தார். அப்போதுதான் எனக்கு முதன்முறையாக அழுகை வந்தது.

மாலையில் அரிக்கிறது என்றார். அப்புறம் உதடு தடித்தது. வண்டி பிடி என்று கையைக் காட்டினார், பேச்சு வரவில்லை. முதலில் தாடியைக் கழுவிவிடலாம் என்றேன். வெந்நீர் வைத்தேன். எங்கள் அடுப்பு கொஞ்சம் மந்தம். பச்சைத் தண்ணீரில் கழுவியிருக்கலாமே என்கிறீர்கள். சாயம் சீராகப் போகாது, ஐயா. இது தொழில் விஷயம்.

கோபம் இருந்ததா என்றால், இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கொல்ல நினைக்கவில்லை. முகம் லேசாக வீங்கும், அந்தப் பெண் பார்த்துப் பயப்படுவாள், கல்யாணம் தள்ளிப்போகும், வீட்டோடு இருப்பார் என்றுதான் கணக்குப் போட்டேன். அவர் போய்விடுவார் என்று அல்லாஹ் அறிய எனக்குத் தோன்றவே இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் கைகளையே பார்க்கிறீர்கள். நன்றாகச் சிவந்திருக்கிறது, இல்லையா? பயப்படாதீர்கள், கல் போடாத சுத்த மருதாணி. அன்று காலையில், அவருக்குப் பிசைவதற்கு முன்னாலேயே இட்டுக்கொண்டுவிட்டேன். அப்புறம் நாலு மாதம் பத்து நாள் தொட முடியாதே.