வீட்டு முகவரிக்கு மட்டும்

கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்றுதான். பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். ஸ்ரீவர்ஷினியிடமும் அதைத்தான் கேட்டேன், இன்ஸ்பெக்டர் மேடம். மனைவி என்பதற்காக ஒரு படியைத் தாண்டிப் போகிறவன் இல்லை நான்.

அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் செய்து கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. அங்கே லினக்ஸ் சர்வர் என் பொறுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பழங்காநத்தத்தில் எங்கள் மாடி வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து டைப்பிங் வேலை பார்த்தாள். பிராட்பேண்ட் வந்த புதிதிலேயே அலையாய் அலைந்து, மாறாத இணைய முகவரி ஒன்றை அவளுக்கென்று வாங்கிக் கொடுத்தேன். எந்தப் புருஷன் செய்வான்?

சிக்கல் சென்னையிலிருந்து வந்தது. அங்கே எங்கள் கம்பெனிக் கிளையில், மற்றவர்கள் டைப் செய்ததைத் திருத்துகிற எடிட்டர் வேலை. ஒரு வாரம் எங்கள் சர்வர் வழியாகக் கொடுக்கிற ஃபைல்களை நேரத்துக்கு முடித்தால் வேலை அவளுக்கு. மேனேஜர் நைனா முகமது சார்தான் சிபாரிசு செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும், "மாசம் ரெண்டு தடவ வந்துட்டுப் போறேங்க" என்றாள், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போகிறவள் மாதிரி. எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம், சர்வருக்குள் யாரை விடலாம் என்று பார்க்கிற ஃபயர்வாலில் ஒரே ஒரு வரி எழுதினேன். எங்கள் வீட்டு முகவரியிலிருந்து வருவதை மட்டும் சர்வர் கண்டுகொள்ளாது. மறுப்பது வேறு, கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. மறுத்தால் திரையில் உடனே பதில் வரும். யாரோ தடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கண்டுகொள்ளாவிட்டால் பதிலே வராது. எதிரே இருப்பவர் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆபீஸ் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சோதிப்பேன். மோடத்தை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன், விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். "எனக்கு ராசியே இல்லைங்க" என்று அவள் அழுதபோது தோளில் சாய்த்துக்கொண்டேன். அத்தனை நெருக்கமாக நாங்கள் இருந்ததே இல்லை.

வாரம் முடிகிற நேரத்தில் ஆரப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து போன் செய்தாள். "இங்கன போட்ட உடனே கனெக்ட் ஆகுதுங்க. நம்ம வீட்டுல மட்டும் ஏன் ஆகல?"

"அங்கனயே இரு, வாரேன்" என்றேன். வண்டியில் கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், "நாளைக்கும் அங்க போயி மிச்சத்த முடிச்சிருவேன். நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம்."

ஊரிலுள்ள பிரவுசிங் சென்டர்களை எல்லாம் தடுக்க முடியாது. அதனால் காலையில் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனேன். அவள் செல்லையும் எடுத்துக்கொண்டேன். பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. கீழ்வீட்டு அன்னக்கொடி அக்காவிடம், "அவளுக்கு மனசு சரியில்லக்கா, மேல இருந்து கூப்பிட்டா பேச்சுக் குடுக்காதீங்க" என்று சொல்லியிருந்தேன். பாவம், அவர் அப்படியே செய்தார்.

மத்தியானம் வரை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு பின்பக்க பால்கனியிலிருந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்கப் பார்த்திருக்கிறாள். குழாய் பழசு.

கனெக்ஷனைத் தடுத்தது நான். வீட்டைப் பூட்டியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் அவளைத் தள்ளிவிடவில்லை என்பதையும் எழுதுங்கள்.

இரண்டு காலிலும் எலும்பு முறிவாம். ரொம்ப நாளைக்கு நடக்க முடியாது என்கிறார் டாக்டர். யோசித்துப் பார்த்தால், வீட்டிலிருந்து பார்க்கிற வேலைதான் இனி அவளுக்குத் தோது. அந்த ஒரு வரியை நேற்றே எடுத்துவிட்டேன். பால்கனிக்கு கிரில் போட ஆள் சொல்லியாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து என்றைக்கு அனுப்புவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் மேடம், அவள் கட்டிலைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் நகர்த்திப் போட வேண்டும்.