அடுத்த மாதக் கண்காட்சி

செவ்வாய்க்கிழமை எங்கள் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. எனக்குப் பிடித்த நாள் அதுதான். கூட்டம் இல்லாதபோதுதான் படங்களை நிம்மதியாகப் பார்க்க முடியும்.

இப்போது கீழ்த்தளத்தில் நடக்கும் துறைமுகப் புகைப்படக் கண்காட்சி நான் அமைத்தது. நேரம் கிடைத்தால் பாருங்கள் ஐயா, மாதக் கடைசிவரை இருக்கும். அடுத்த மாதம் திறக்கவேண்டியது வேறு ரகம். ஒரே வீட்டின் சமையலறையை நாற்பது வருடம் வரைந்த ஓவியர் அம்மாள் ஒருவரின் மொத்தப் படங்கள். ஆறு வருடம் அவருடைய உறவினர் வீடுகளுக்கெல்லாம் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, நான் சேர்த்தவை.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். வேலையில்லாமல் வீட்டோடு இருந்தவர். தங்கை கண்ணைக் கசக்கினாள் என்பதற்காக, படங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் நான்தான் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஏழே வருடத்தில் இயக்குநருக்கு வலதுகை ஆகிவிட்டார். அடுத்த மாதக் கண்காட்சியை அவரிடமே கொடுத்தார்கள். அழைப்பிதழில் அமைப்பாளர் என்று அவர் பெயர். என் பெயர் நன்றிப் பட்டியலில், மின்பணியாளருக்குக் கீழே.

அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பெயருக்கு அலைகிற ஆள் இல்லை நான்.

அந்த அம்மாள் வரைந்த கால வரிசையிலேயே படங்களை வைத்திருந்தேன். பார்ப்பவர்களும் அந்தச் சமையலறைக்குள் அவரோடு சேர்ந்து வயதாக வேண்டும். மாப்பிள்ளை அதைக் கலைத்து நிறவாரியாகப் பிரித்தார்.

"உங்க வரிசை தூக்கம் வரவைக்கும் மச்சான். மஞ்சளெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம். ஜனங்க முன்னாடி நின்னு போட்டோ எடுத்துப்பாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன்.

அந்தப் படங்களை வைத்திருக்கும் கிடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பிடித்தால் அங்கே தண்ணீர் அடிக்க முடியாது, படங்கள் பாழாகிவிடும். அதனால் ஒரு வாயுவைத் திறந்துவிடுவோம். அது காற்றை விரட்டித் தீயை அணைத்துவிடும். மணி அடித்த அரை நிமிடத்துக்குள் மனிதர்கள் வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். கதவின் உள்பக்கக் கைப்பிடி சிக்குகிறது என்று மாப்பிள்ளை புகார் எழுதித் தந்திருந்தார். பராமரிப்புப் பதிவேடு என் பொறுப்பு. 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது மூன்று வாரத்துக்கு முன்பு.

சென்ற செவ்வாய் பிற்பகலில் அவர் உள்ளே தனியாக இருந்தார். வெளிச்சுவரில் இருக்கும் கண்ணாடி மூடியைத் திறந்து, வாயுவுக்கான பொத்தானை அழுத்தியது நான்தான். உடனே என் கைபேசி அடித்தது.

"மச்சான், மணி அடிக்குது, கதவு திறக்கமாட்டேங்குது. சீக்கிரம் வாங்க!"

"பதறாதீங்க மாப்பிள்ளை, இதோ வந்துட்டேன்" என்றேன்.

கதவுக்கு இந்தப் பக்கம், ஓரடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என் குரல் அவருக்குக் கதவு வழியாகவும் கேட்டிருக்கும். அதன்பிறகு அவர் பேசவில்லை. தட்டினார். கொஞ்ச நேரம்தான்.

உள்ளே காற்று சரியாகும்வரை காத்திருந்தேன். அவரைத் தாண்டித்தான் படங்களிடம் போகவேண்டியிருந்தது. எண்பத்து நான்கும் பத்திரம், ஒரு கீறல் இல்லை. எல்லாவற்றையும் பழைய வரிசைப்படி அடுக்கிவிட்டுத்தான் உங்களுக்குத் தகவல் சொன்னேன்.

நேற்று தங்கை இங்கே காவல் நிலையத்துக்கு வந்தாள். "ஏண்ணா?" என்று மட்டும் கேட்டாள். வரிசை தப்பாக இருந்ததைப் பொறுமையாக விளக்கினேன். எழுந்து போய்விட்டாள். அவளுக்கு ஓவியம் அவ்வளவாகப் புரியாது. திறப்பு நாளன்று வந்து, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒருமுறை நடந்து பார்த்தால், அண்ணன் செய்தது சரிதான் என்று அவளே சொல்வாள்.